முக்காலியில் ஆள் இருக்கு

எங்கள் சபையின் வாலிபர் சங்கத்தில் தேவதூதர்களைப் பற்றி நான் பேசவிருந்த ஞாயிற்றுக்கிழமை, மூச்சை உள்ளே இழுக்கவே எனக்கு வலுவில்லாமல் போயிற்று. பேச்சு முழுவதும் தயாராக இருந்தது. அறைக் கண்ணாடி முன் நின்று பேசியும் பார்த்தாயிற்று. தேவதூதர் என்பவர் யார், எப்படிப்பட்ட இயல்புடையவர், மனிதனிடம் எதற்காக அனுப்பப்படுகிறார் என்று ஒரு சந்தேகத்தையும் மிச்சம் வைக்காமல் முடித்துவிடுவதாக இருந்தேன். மலாக்கா டவுனில் ஆங்கிலப் பள்ளியொன்றில் கீழ் வகுப்புப் பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் நான். எந்தப் பொருளையும் மணியடிப்பதற்குள் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை எங்கள் தொழிலில் சீக்கிரமே வந்துவிடுகிறது.

இப்போது புலாவ் செபாங்கில், அக்காவின் ரயில்வே குவார்ட்டர்ஸில் சாய்வு நாற்காலியில் கிடந்து இதை எழுதுகிறேன். பள்ளிக்குத் திரும்ப டாக்டர் இன்னும் விடவில்லை. பார்க்க வருகிறவர்களெல்லாம் ஆஸ்பத்திரி எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி மூச்சு வாங்குவதைவிட ஒரேயடியாக எழுதிவிடுவது மேல். அன்றைக்கு என் பேச்சைக் கேட்க வந்து ஏமாந்து போன சங்கத்து நண்பர்களுக்கும் இதுவே என் பதில்.

எல்லாம் ஒரு மழையில் தொடங்கியது. சுங்கை ரம்பாயில் நண்பன் ஒருவன் புதிதாகக் கிராமபோன் வாங்கியிருந்தான். அதைக் கேட்கச் சைக்கிளில் போனவன், இருந்துவிட்டுப் போ என்று அவன் வீட்டார் எல்லோரும் சொல்லியும் கேளாமல், கொட்டுகிற மழையிலேயே திரும்பினேன். அடுத்த வாரம் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது குளிர் கண்டது. பற்கள் அடித்துக்கொண்டன. சாக்கட்டி கையில் நிற்கவில்லை. வலது விலாவில் ஊசியால் குத்துவது போல வலி. இருமினால் துருப்பிடித்த நிறத்தில் சளி. என்னோடு அறையில் இருந்த நண்பர் தந்தி கொடுத்தார். அத்தான் அடுத்த ரயிலில் வந்து இறங்கினார்.

அத்தான் புலாவ் செபாங் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற கிளார்க்கு. ரயில் புறப்படும் விசில் ஊதினாலும் சில்லறையை இரண்டு தரம் எண்ணித்தான் கொடுப்பார். அப்படிப்பட்டவர் என் நெற்றியைத் தொட்டதும் அவசரப்பட்டார்.

"உந்தக் கோட்டு ஒண்டும் வேண்டாம். போர்வையைச் சுத்திக்கொண்டு வா. கார் நிக்குது," என்றார்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கே நோயின் பெயர் தெரிந்துவிட்டது. நியுமோனியா. நுரையீரல் காற்று நிறைந்த பஞ்சு போன்றது. இந்த நோயில் அந்தப் பஞ்சின் ஒரு பகுதி நீர் கட்டி, கறிக்கடை ஈரல் போலக் கெட்டியாகிவிடுகிறது. மூச்சு போவதற்கு இடம் இருக்காது. இதைத் தீர்க்க மருந்து என்று ஒன்றும் கையில் இல்லை என்று டாக்டரே அத்தானிடம் ஒளிக்காமல் சொன்னாராம். காய்ச்சல் சில நாள் உச்சத்தில் நிற்கும். பிறகு ஒரு நாள் வேர்த்துக் கொட்டி இறங்கும். அதுவரை இருதயம் தாங்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். படுக்கையில் நிமிர்த்தி உட்கார வைத்து, ஈரத் துணியால் துடைத்து, எல்லோரும் காத்திருந்தார்கள்.

அக்கா டவுனில் தெரிந்தவர்கள் வீட்டில் வந்து தங்கினாள். காலையும் மாலையும் பார்லித் தண்ணீரோடு வந்து நிற்பாள். அத்தான் மலாக்கா ரயிலின் கார்டு கையில் தினமும் இளநீர் கொடுத்துவிடுவார். என் வகுப்புப் பையன்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து, உள்ளே வரப் பயந்து, "சார் உசிரோடதான் இருக்காரு லா" என்று இந்த ஊர் 'லா' வாலோடு ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுப் போனதும் அரைகுறையாக நினைவிருக்கிறது. காய்ச்சலின் நடுவில் நான் தேவதூதர் யாரையும் காணவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்டதெல்லாம் தப்பாகப் போட்ட கூட்டல் கணக்குகள். திருத்தத் திருத்த அவை மறுபடியும் தப்பாயின.

ஒரு விடியற்காலையில் வேர்த்தது. மெத்தை நனைந்தது. காய்ச்சல் இறங்கியது. அக்கா என் தலைமாட்டில் முழங்காலிட்டு நன்றி சொன்னாள். ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் காய்ச்சல் மறுபடி வந்தது. சாயங்காலம் ஏறும், காலையில் இறங்கும், மூச்சு மட்டும் குறுகிக்கொண்டே போகும்.

பெரிய டாக்டர் வந்து என் முதுகில் ஒரு விரலைப் பதித்து, அதன்மேல் மற்றொரு விரலால் தட்டிக்கொண்டே கீழே இறங்கினார். காலி மண்ணெண்ணெய் டின்னைத் தட்டினால் ஓர் ஓசை, நிறைந்த டின்னுக்கு வேறோர் ஓசை அல்லவா? என் முதுகின் கீழ்ப்பாதி நிறைந்த டின். நீளமான ஊசியை விலா எலும்புகளுக்கு நடுவில் செலுத்தி இழுத்தார்கள். கண்ணாடிக் குழாயில் ஏறியது சீழ். இதற்கு எம்பையீமா என்று பெயர். நோய் நுரையீரலை விட்டு இறங்கினாலும், நுரையீரலைச் சுற்றியுள்ள பையில் சீழை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதை வெளியே எடுக்க ஒரே வழிதான். விலா எலும்பில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி வழியவிட வேண்டும்.

நான் உடனே சம்மதித்தேன். இதில் என் வீரம் ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் விளக்கிச் சொன்ன எதற்கும் சம்மதிக்கும்படி என்னை வளர்த்திருக்கிறார்கள். மேசையில் படுக்க வைத்து, பாதி மயக்கத்தில் கை கத்தியின் பக்கம் பறந்துவிடாதபடி வாரால் கட்டினார்கள். முகத்தின்மேல் கம்பி வலை, அதன்மேல் துணி, துணியில் இனிப்பு வாடை அடிக்கிற குளோரோபாரம். எண்ணச் சொன்னார்கள். எண்ணினேன். பாதி வழியில் எண்ணிக்கை நின்றுபோயிற்று.

விழித்தபோது என் பக்கவாட்டிலிருந்து ரப்பர் குழாய் ஒன்று இறங்கி, கட்டிலுக்குக் கீழே தண்ணீர் உள்ள புட்டிக்குள் போயிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் புட்டியில் குமிழி எழும். அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பது அலுக்கவில்லை. பிறகு சுருங்கிப்போன நுரையீரலை விரிக்க ஒரு பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு புட்டிகள், நடுவில் குழாய். ஒன்றில் உள்ள சாயத் தண்ணீரை ஊதி மற்றதற்குத் தள்ள வேண்டும். மலாக்காப் போர்த்துகீசியப் பெண்ணான எங்கள் வார்டு மிசி (தாதியை இங்கே எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறோம்) என்னைப் பார்த்து, இது தண்ணீரா, உன் விரோதியா என்று கேட்டுச் சிரிப்பாள். அப்படி ஊதினேன்.

இந்த ஓய்வு நாட்களில்தான் பக்கத்துக் கட்டிலுக்குச் சவரிமுத்து வந்து சேர்ந்தார்.

லூபோக் சீனா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நாற்பது வயது இருக்கும். தோட்டத்து லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவருக்கும் நியுமோனியா கண்டு, வேர்த்து, இறங்கி, மறுபடி காய்ச்சல் வந்திருந்தது. அவர் மூச்சைக் கேட்டதுமே அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருடன் வந்த மனைவி ஆரோக்கியம் முதல் வேலையாக, இரண்டு கட்டிலுக்கும் பொதுவாகக் கிடந்த முக்காலியைத் துடைத்து அவருடைய வலப்பக்கம் போட்டார். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

மாலையில் அக்கா வந்தாள். வெயிலில் நடந்து வந்தவள் முக்காலியை இழுத்தாள்.

"அதுல உக்காராதீங்கம்மா. ஆளு இருக்கு," என்றார் ஆரோக்கியம்.

அக்கா சுற்றிலும் பார்த்தாள். "ஆர் இருக்கினம்? ஒருத்தரையும் காணேல்லையே."

"எங்க வீட்டுக்காரரோட காவல் சம்மனசு."

ரோமன் கத்தோலிக்கர் சம்மனசு என்பதும் நாங்கள் தேவதூதர் என்பதும் ஒருவரையே. ஆனால் எங்கள் சபையில் யாரும் அவருக்கு முக்காலி போடுவதில்லை. அக்காவோ ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறவள். என் பக்கம் திரும்பி, "தம்பி, நான் நிக்கிறன். அவருக்குக் கால் நோகுமோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லு," என்றாள்.

மூச்சு முட்டிக் கிடந்த சவரிமுத்து கண்ணைத் திறந்தார். "கேட்டுட்டேம்மா. பொம்பள நிக்கிறாங்கன்னு அவரே எந்திரிச்சுட்டாரு. உக்காருங்க," என்றார்.

ஆரோக்கியம் புருஷனை முறைத்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வார்டுச் சட்டத்துக்கு விரோதமாக என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மறுநாள் நான் கண் விழித்தபோது என் பக்கத்திலும் ஒரு முக்காலி. வராந்தாவிலிருந்து ஆரோக்கியம் கொண்டுவந்து போட்டது. "உங்களுக்கும் ஒருத்தரு இருக்காருல்ல தம்பி. பாவம், எத்தன நாளா நின்னுக்கிட்டு இருக்காரோ," என்றார். நான் அவரை அண்ணி என்று அழைக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

எனக்கோ கரும்பு தின்னக் கிடைத்தது போலாயிற்று. தயாரித்த பேச்சு நெஞ்சிலேயே இருக்கிறது. கேட்காமல் எழுந்து போக முடியாத ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். செத்துப் போன நல்லவர்கள் தேவதூதர்கள் ஆவதில்லை. மனிதனுக்கு முன்பே படைக்கப்பட்டவர்கள் அவர்கள். உடல் இல்லாத ஆவிகள். பசி, மூப்பு, சாவு இல்லை. எண்ணிக்கை சொல்ல முடியாத சேனை. அதில் அணி அணியாகப் படிகள் உண்டு. ஆனால் எத்தனை உயர்ந்த படியில் இருந்தாலும் ஒருவரும் தம் பெயரில் எதையும் செய்வதில்லை. அனுப்பினால் வருவார்கள், சொல்வார்கள், போய்விடுவார்கள். காலில் விழப் போனவனைத் தடுத்து, நானும் உன்னைப்போல ஊழியக்காரன்தான் என்று சொன்ன தூதரைப் பற்றிச் சொன்னபோது சவரிமுத்து, "எங்க கங்காணிக்கு இத யாராச்சும் சொன்னா தேவல," என்றார்.

சிறகு பற்றித்தான் அவருக்கு என்மேல் கோபம். கோயிலில் மிக்கேல் சம்மனசுக்குச் சிறகு இருக்கிறதே என்றார். தரிசனங்களில் சிறகு சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் மனிதரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் வழிப்போக்கர்களைப்போலத்தான் வந்தார்கள். ஒரு கிழவரின் கூடார வாசலில் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கிறார்கள் என்றேன். பார்க்க வந்திருந்த அத்தான், "சிறகு என்னத்துக்கு? தந்திக்குச் சிறகு இருக்கோ?" என்றார். ரயில்வேக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

சொல்லச் சொல்ல எனக்கே வியப்பு ஏறிக்கொண்டு போனது. கண்ணாடி முன் பேசியபோது அவர்கள் எனக்குப் பாடத்தின் தலைப்புகள். இருமல் சத்தத்தின் நடுவில் சொன்னபோது அவர்கள் செய்கிற வேலைகள் எத்தனை சின்னவை என்பது தெரிந்தது. சாக வேண்டும் என்று மரத்தடியில் படுத்துவிட்ட தீர்க்கதரிசிக்குத் தூதர் உபதேசம் செய்யவில்லை. சுட்ட அடையும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்து, தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். சிலுவைக்கு முந்திய இரவு தோட்டத்தில் இரத்தமாய் வேர்த்த ஆண்டவரிடமும் ஒரு தூதர் வந்தார். துன்பத்தின் பாத்திரத்தை நீக்கவில்லை, அதைக் குடிக்கப் பலம் கொடுத்தார். வானத்தையே சுருட்டக்கூடிய வல்லமை உள்ளவர்கள் வார்டு மிசி செய்கிற வேலையைச் செய்துவிட்டுப் போகிறார்கள். இதைவிடப் பெரிய அழகு எதையும் நான் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

இதற்கிடையில் சவரிமுத்துவின் மூச்சு இன்னும் குறுகியது. டாக்டர் வந்து தட்டினார். ஊசி போட்டு இழுத்தார்கள். சீழ். நாளைக் காலை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சவரிமுத்து என் குழாயையும் புட்டியையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தார். "நான் மரத்துக்குச் செஞ்சத எனக்குச் செய்யப் போறாங்க. பட்டைய வெட்டி, பால வடிச்சு, கீழ மங்கு வச்சு," என்றார். வார்டே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், "தோட்டத்து லாரி நாளைக்கு வருது. நான் ஊட்டுக்குப் போறேன் லா," என்றார்.

அது விளையாட்டில்லை. புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரஸர் வந்து சொன்னார், கேட்கவில்லை. பெரிய டாக்டரே திரும்பி வந்து, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். சீழை எடுக்காமல் வீட்டுக்குப் போனால் இந்த மனிதன் பிழைக்க வழியே இல்லை என்று அவனிடம் தெளிவாகச் சொல் என்றார். சொன்னேன். ஆரோக்கியம் அண்ணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சவரிமுத்து மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். லாரி வருகிறவரைதான் எங்களுக்கு நேரம்.

"வெட்டுக்குப் பயமா அண்ணே?" என்று கேட்டேன். சட்டையைத் தூக்கி என் கட்டைக் காட்டினேன்.

"கத்தியில பொழைக்கிறவன் தம்பி நான். வெட்டுக்கு என்ன பயம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கையக் கட்டுவாங்களாமே?"

கட்டுவார்கள் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன்.

"கையக் கட்டிட்டு, மூஞ்சில துணியப் போட்டு மருந்த ஊத்துவாங்க. அப்ப எப்படிச் சிலுவை போடுவேன்? வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து, சிலுவை போட்டு, சம்மனசுகிட்ட என்னைய ஒப்படைக்காம நான் கண்ண மூடுனது இல்ல. குடிச்சுட்டு விழுந்த ராத்திரியில கூட போட்டிருக்கேன். நானா தூங்கறது வேற லா, இவங்க தூங்க வைக்கிறது வேற. ஒப்படைக்காத உசுர யாரு பாத்துக்குவா?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பதில் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆவிக்குக் கைச்சாடை தேவையில்லை, காவலுக்கு நியமித்தவர் கடவுள், நாம் மறந்தாலும் அவர் நியமனம் மாறாது என்றெல்லாம் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். டாக்டர் சொன்னதைக் கேட்டது போலவே.

பிறகு அவர் கேட்டார்: "நீங்க மயக்கத்துல கெடந்தீங்களே தம்பி. அப்ப உங்க சம்மனசு கூட இருந்தாரா? பாத்தீங்களா?"

அண்ணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சொல்லிவிடு என்றது அந்தப் பார்வை. ஆமாம் என்ற ஒரு சொல்லில் அவரை மேசைக்கு அனுப்பிவிடலாம். மனிதனைக் காப்பாற்றச் சொல்கிற பொய்யைக் கடவுள் மன்னிப்பார் என்று கூட ஒரு நொடி தோன்றிற்று. ஆனால் இத்தனை நாள் நான் சொன்ன அவ்வளவையும் நம்பிக் கேட்ட மனிதர் அவர். பொய்த் தூது சொல்லும் தூதர் என்று ஒருவர் நான் சொன்ன கதை எதிலும் இல்லை.

"தெரியாது அண்ணே," என்றேன். "நான் யாரையும் பாக்கல. எண்ணச் சொன்னாங்க, பாதியில போயிட்டேன். அப்புறம் ஒண்ணுமே இல்ல. கனவு கூட இல்ல."

சவரிமுத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான், ஆளை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கட்டிய கை, தூக்கம், கட்டிய கை, தூக்கம் என்று அவர் சொன்னதே தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. இப்படிக் கட்டுண்டு தூங்கிய ஒருவனை எனக்குத் தெரியுமே, யார், யார் என்று தேடினேன். என் பேச்சில் நான் சேர்க்காமல் விட்ட கதை அது. நேரம் போதாது என்று விட்டிருந்தேன்.

"அண்ணே, பேதுருவ ஜெயில்ல போட்டாங்களே, தெரியுமா?"

பெயர் அவருக்குப் பிடிபடவில்லை என்று தோன்றிற்று.

"நீங்க இராயப்பர்னு சொல்வீங்க."

"தெரியும்," என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே. "சம்மனசு வந்து வெளிய கூட்டிக்கிட்டுப் போனாரு."

"அவரு வந்தப்ப இராயப்பர் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாரு?"

"செபம் பண்ணிக்கிட்டு இருந்திருப்பாரு."

"இல்ல. தூங்கிக்கிட்டு இருந்தாரு. ரெண்டு பக்கமும் சிப்பாய். ரெண்டு சங்கிலி போட்டு நடுவுல கட்டி வச்சிருந்தாங்க. மறுநாள் வெளிய கொண்டுபோயித் தீர்த்துடறதா இருந்தாங்க. மனுசன் நல்லாத் தூங்கறாரு. சம்மனசு வந்து உள்ள வெளிச்சம் அடிச்சும் எந்திரிக்கல. தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்துச்சு."

சவரிமுத்து மெல்லத் திரும்பினார். "எங்க தட்டுனாரு?"

"விலாவுல."

அவருடைய கை தானாகவே போர்வைக்குள் போயிற்று. "எந்தப் பக்கம்?"

"அது எழுதி வைக்கல அண்ணே."

"கட்டிப் போட்டிருந்தா சிலுவை போட்டிருக்க முடியாது," என்றார் அவர், தனக்கே கணக்குச் சொல்வது போல. "அப்ப அவர யாரு ஒப்படைச்சது?"

"வெளிய ஒரு வீட்டுல சபையே கூடியிருந்துச்சு. அவருக்காக விடாம செபம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க."

ஆரோக்கியம் அண்ணி எழுந்து நின்றார். "அந்த வேலைய நான் பாத்துக்கறேன்," என்றார். "நீங்க போயித் தூங்குங்க. லாரிக்காரன நான் திருப்பி அனுப்பிச்சுடறேன்."

சவரிமுத்து அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ செபம் பண்ணா சம்மனசுக்குத் தூக்கம் வராது. அது நெசந்தான்," என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

நான் மிசியிடம் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவளும் கத்தோலிக்கப் பெண். விளக்கம் ஒன்றும் கேட்கவில்லை. கையைக் கட்டியதும், துணியைப் போடுவதற்கு முன் அவர் நெற்றியில் தானே சிலுவை வரைவதாகச் சொன்னாள். சவரிமுத்துவின் கட்டிலருகே போய், அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக் காட்டி, "ஜாங்கான் தாக்குட் லா, அண்ணே," என்றாள். பயப்படாதே என்பதற்கு மலாய். வேதத்தில் தூதர்கள் வந்து நின்றவுடன் முதலில் சொல்வதும் அதுவேதான். ஏன் அதையே சொல்கிறார்கள் என்று என் பேச்சில் ஒரு பகுதி உண்டு. அவள் அதை ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

காலையில் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணி வராந்தாத் தரையில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தார். சத்தமாகவே சொன்னார். போகிற வருகிறவர்களைப் பற்றிக் கவலையில்லை. சீனக் கிழவர் ஒருவர் அவருக்காகக் காலை மடக்கி இடம் விட்டார். அக்கா பார்லித் தண்ணீரோடு வந்தாள். என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு வராந்தாவுக்குப் போய் அண்ணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எங்கள் சபையில் செபமாலை இல்லை. அக்கா ஒரு வார்த்தையும் கூடச் சொல்லவில்லை. எழுந்து வரவும் இல்லை. பார்லித் தண்ணீர் என் பக்கத்தில் ஆறிப்போயிற்று.

என்னால் படுத்துக் கிடக்க முடியவில்லை. அவரைச் சம்மதிக்க வைத்தவன் நான். உள்ளே போன மனிதர் திரும்பி வராவிட்டால் அந்த வராந்தாவைக் கடந்து எப்படிப் போவேன்? பேதுருவை விடுவித்த தூதரின் கதையில், அதற்குச் சில நாள் முன்னால் வேறொரு சீடரை வாளால் வெட்டிக் கொன்றதும் எழுதியிருக்கிறது. அவருக்காகவும் யாராவது செபம் பண்ணியிருப்பார்கள். அதை நான் சவரிமுத்துவிடம் சொல்லவில்லை. தூதர்கள் எதற்கு ஒருவரிடம் வருகிறார்கள், மற்றவரிடம் வரவில்லை என்பது எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அவர்களை மெச்சுவது குறைந்துபோகவும் இல்லை. தெரிந்த மட்டும் மெச்சுகிறேன்.

ஒரு வழியாகத் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. பார்வை நேரம் இல்லை என்று அண்ணியை உள்ளே விடவில்லை. சவரிமுத்துவைக் கட்டிலில் மாற்றினார்கள். முகம் சாம்பல் நிறம். விலாவில் கட்டு, குழாய், கீழே புட்டி. உதட்டில் ஈ உட்கார்ந்தது. அசையவில்லை. மிசி நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என் புட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். புட்டியைப் பார்த்தேன். ஒரு குமிழி. நீண்ட நேரம் கழித்து இன்னொன்று.

பிறகு அவர் இமை துடித்தது. வாய் அசைந்தது. நான் குனிந்தேன். விண்ணகத்தின் விளிம்பு வரை போய்வந்த ஒருவர் முதலில் என்ன சொல்வார் என்று கேட்க என் காது முழுவதும் திறந்திருந்தது. சவரிமுத்து கண்ணைத் திறக்காமலே, கணீரென்று, கங்காணியின் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அதை அச்சில் போட எந்தப் பத்திரிகையும் துணியாது. சொல்லிவிட்டு வாந்தி எடுத்தார். மிசிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்து சிரித்தாள்.

புட்டியைத் தூக்கிக்கொண்டு, நடக்கக்கூடாத வேகத்தில் வராந்தாவுக்குப் போனேன். அண்ணி செபமாலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உயிரோடு இருக்கிறார், கண் முழிக்கிறார் என்றேன். அவர் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"பேசுனாரா?"

"பேசினார்."

"என்ன சொன்னாரு?"

அக்கா பக்கத்திலேயே இருந்தாள். எனக்குக் காது சிவந்தது. "கங்காணியத் திட்டினாரு," என்றேன்.

"என்னன்னு?"

வேறு வழியில்லை. குனிந்து அவர் காதில் சொன்னேன்.

ஆரோக்கியம் அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "என்ன சொன்னவர்? தம்பி, என்ன சொன்னவர்?" என்று என்னைக் கேட்டாள்.

அண்ணிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார். "அவருதாம்மா," என்றார். "வேற யாரும் இல்ல. அவரேதான் வந்திருக்காரு."